எட் ஷீரன்: 2012 முதல் கேட்டுவரும் ஒருவரின் அனுபவம்

மிக்சிக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஐந்து வருஷ அனுபவம் என்று எழுதுகிறார்கள். நான் ஒரு பாடகருக்கு எழுதுகிறேன். 2012-இல் கல்லூரி விடுதியில் அறைத்தோழன் மெமரி கார்டில் ஏற்றித் தந்ததிலிருந்து எட் ஷீரனை விடாமல் கேட்டுவருகிறேன்.

ஆல்பங்களுக்குக் கணக்குக் குறிகளைப் பெயராக வைப்பது 2023 வரை அவர் வழக்கம். முதலாவது கூட்டல் குறி, 2011. அதில் 'தி ஏ டீம்' பாட்டில் கிடாரும் குரலும்தான் முன்னால் நிற்கும். வீடற்றோர் விடுதி ஒன்றில் பாடப் போனபோது சந்தித்த பெண்ணை மனதில் வைத்து எழுதியது. ஆங்கிலம் பாதிதான் புரிந்தது, ஆனாலும் அந்தப் பெண் எனக்குத் தெரிந்தாள்.

என்னை முழுசாகப் பிடித்துப்போட்டது 2010-இல் எஸ்பிடிவி யூடியூப் சேனலில் வந்த வீடியோ. சிறு வயதுப் பையன், கையில் கிடார், காலடியில் லூப் பெடல். கிடார் உடம்பில் ஒரு தட்டு. பெடலை மிதித்தால் அந்தத் தட்டே தாளமாகச் சுற்ற ஆரம்பிக்கும். அதன்மேல் கம்பி மீட்டல், அதன்மேல் ஒரு முனகல். எல்லாம் கண்ணெதிரே ஒவ்வொன்றாக ஏறும். திடீரென்று அத்தனையையும் நிறுத்திவிட்டுக் குரல் மட்டும் தனியாக வரும். அந்த வெற்றிடத்துக்காகத்தான் நான் ரசிகனானேன். 2015-இல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மூன்று ராத்திரியும் இப்படித் தனி ஆளாகவே சமாளித்தார்.

2017-இல் வகுத்தல் குறி. அதன் 16 பாட்டுகளும் ஒரே வாரத்தில் பிரிட்டிஷ் டாப் 20-க்குள் நுழைந்தன. நம்ம ஆள் ஜெயித்துவிட்டார் என்று எனக்கும் பெருமைதான். ஊர் நண்பர்கள் ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று சொல்லும் 'காசில் ஆன் தி ஹில்' இன்றும் பிடிக்கும். 'ஷேப் ஆஃப் யூ'வை மட்டும் கல்யாண மண்டபம், ஜிம், சலூன் என்று கேட்டுக் கேட்டே சலித்துவிட்டது. அது அவர் குற்றமில்லை, சரி.

சந்தேகம் வந்தது 2021-இல், சமக் குறியில். 'பேட் ஹாபிட்ஸ்' ஓடும்போது கிடார் எங்கே என்று தேடினேன். முதல் நொடியிலிருந்து சிந்தசைசரும் தாளமும் இடுக்கு விடாமல் அடைத்திருந்தன. கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வேறு யார் பாடியிருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

2023-இல் கழித்தல் குறி. பேருக்கு ஏற்ப வாத்தியத்தைக் குறைத்துவிட்டார், தயாரிப்பு ஆரன் டெஸ்னர். நான் கேட்டது இதைத்தானே? ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்தேன். ஏழாவது பாட்டில் தூங்கிவிட்டேன். அவருடைய துக்கம் நிஜம். முந்தைய வருஷம்தான் அந்த எஸ்பிடிவியைத் தொடங்கிய நண்பர் ஜமால் எட்வர்ட்ஸ் இறந்தார், கர்ப்பிணியாக இருந்த மனைவிக்குக் கட்டி என்று தெரியவந்தது. ஆனால் பாட்டுகளில் அலை, படகு, மூழ்குவது என்று தண்ணீராகவே போகிறது. வலி கேட்கிறது, வலிக்கும் ஆள் தெரியவில்லை. அந்த ஏ டீம் பெண்ணைப் போல ஒரு முகம் வேண்டியிருந்தது எனக்கு.

அதே வருஷம் நியூயார்க் நீதிமன்றத்தில், 'திங்கிங் அவுட் லவுட்' காப்பி என்ற வழக்கில் கிடாரோடு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார், ஜெயித்தார். அதில் நான் அவர் பக்கம். கிடாரில் சேர்த்து மீட்டும் நான்கு சுரக்கூட்டு (chord) யாருடைய சொத்தும் இல்லை.

கடைசியாக 2025-இல் 'ப்ளே'. 'அசீசம்' பாட்டில் பாரசீகச் சாயல், 'சஃபையர்' பாட்டில் அரிஜித் சிங். நம் பக்கத்து இசை என்று ஆசையாகக் கேட்டேன். பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் தானாகவே பிளேலிஸ்டிலிருந்து நழுவிவிட்டது.

குழப்பம் என்னவென்றால், மேடையில் ஆள் மாறவே இல்லை. அதே வருஷம் பிப்ரவரியில் சென்னை ஒய்எம்சிஏ மைதானத்தில் பாடினார். ஏ.ஆர். ரஹ்மான் வந்து 'ஊர்வசி ஊர்வசி'யை 'ஷேப் ஆஃப் யூ'வோடு கலந்தார். எனக்குச் சலித்துப்போன அதே பாட்டு! அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

இப்போது என் போனில் 2017-க்குப் பிந்தைய ஷீரன் பாட்டு நான்குதான். நான்குமே மேடைப் பதிவுகள். அடுத்த ஆல்பம் எந்தக் குறியில் வந்தாலும் முதல் நாளே கேட்பேன், அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.