பழவேற்காடா, சூலூர்ப்பேட்டையா?

பெங்களூரு அல்சூரிலிருந்து கிளம்பும் நம்மவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மீனுக்காகப் போகிறோமா பறவைக்காகவா என்பதுதான். இரண்டு ஊரும் ஒரே பழவேற்காடு ஏரிக்கரைதான். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி.

பழவேற்காட்டில் இறால், நண்டு, மடவை எல்லாம் வலையிலிருந்து நேராகக் கரைக்கு வரும். விடியற்காலையிலேயே போய்விடுங்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் மிச்சமும், செதுக்கு வேலை நிறைந்த அவர்களுடைய கல்லறைகளும் அங்கேயே இருக்கின்றன. அந்தக் கல்லறைகளை அவசரமாகப் பார்க்காதீர்கள்.

ஆந்திரப் பக்கம் சாப்பாட்டுக்காகப் போக வேண்டாம். ஆனால் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகளை வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். பக்கத்து நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குழந்தைகளோடு என்றால், டிசம்பரிலோ ஜனவரியிலோ, நான் சூலூர்ப்பேட்டைப் பக்கம்தான் போகச் சொல்வேன்.