மின்னியோலாவா, டெக்கோபானா?

இரண்டும் ஆரஞ்சு வகைக் கலப்பினப் பழங்கள். இரண்டுக்கும் காம்புப் பக்கம் குமிழ் துருத்தியிருக்கும், எது எதுவென்ற குழப்பம் அதனால்தான்.

பிறப்பு: மின்னியோலா, கிரேப்ஃப்ரூட்டும் டான்சி என்ற மாண்டரின் ஆரஞ்சும் சேர்ந்தது, 1931இல் அமெரிக்காவில் வெளியானது. டெக்கோபான், கியோமி, பொன்கான் என்ற இரண்டு ஆரஞ்சு வகைகள் சேர்ந்தது; 1972, ஜப்பானின் நாகசாகி.

தோல்: மின்னியோலாவுக்கு மெல்லியது, உரிக்கும்போதே சாறு கையில் வழியும். டெக்கோபானுக்குத் தடிப்பு, தொளதொளப்பு; குமிழில் கட்டைவிரலை நுழைத்தால் கழன்றுவிடும்.

சுவை: மின்னியோலாவில் புளிப்பு தூக்கல். டெக்கோபானும் பறித்தவுடன் புளிக்கத்தான் செய்யும்; சில வாரம் இருப்பு வைத்தால் அமிலம் தணியும். ஜப்பானில் அந்தப் பெயரில் விற்கவே இனிப்பு 13 பிரிக்ஸாவது (சாற்றின் இனிப்பை அளக்கும் அலகு) இருக்கவேண்டும், அமிலம் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

விதை: மின்னியோலா மரம் தனியாக நின்றால் காய்ப்பு குறையும், பக்கத்தில் பொருத்தமான வேறு ரகம் இருந்தால் காய்க்கும், கூடவே விதையும் வரும். டெக்கோபானில் பெரும்பாலும் இல்லை.

சாறு பிழிய மின்னியோலா. சுளையாகத் தின்ன டெக்கோபான்தான், சந்தேகமே வேண்டாம். எதுவானாலும் கையில் கனக்கிற பழமாக எடுங்கள். உப்பி லேசாக இருந்தால் சுளை வறண்டிருக்கும்.