தொலைக்கல்வியில் சுற்றாடல் முகாமைத்துவ முதுமாணி: காசுக்குப் பெறுமதியா?

சான்றிதழ் கூரியரில் வந்த நாளிலிருந்து எங்கள் அலுவலகத்தில் மட்டும் ஆறு பேர் கேட்டுவிட்டார்கள், "நாங்களும் செய்யலாமா?" என்று. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. ஆறு தரம் சொல்லவும் பொறுமை இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பிரித்தானியாவில் உள்ள ஒன்று, அவ்வளவு போதும்.

எனக்கு மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடியில் வீடு. மண்டூர்ப் பக்கம் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை. இரண்டு பிள்ளைகள். முதல் பட்டம் தமிழ்மொழி மூலம். பேராதனையில் சுற்றாடல் விஞ்ஞான முதுமாணி இருக்கிறது என்று தெரியும். ஆனால் கண்டிக்குப் பஸ் ஏறி வகுப்புக்குப் போய்வருவதென்றால் சின்னவனை யார் பார்ப்பது? வீட்டில் இருந்தபடியே படிக்கலாம் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 2021 ஒக்டோபரில் சேர்ந்தேன்.

விளம்பரத்தில் "வேலை செய்துகொண்டே 2 வருடத்தில் முடிக்கலாம், வாரம் 10 மணித்தியாலம் போதும்" என்று இருந்தது. காசு கட்டிய பிறகுதான் எனக்குப் பென்சிலை எடுக்கத் தோன்றியது. பிரித்தானிய முதுமாணி என்றால் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணித்தியாலப் படிப்பு என்பது அவர்களே வைத்திருக்கிற கணக்கு. ஆக 1800 மணித்தியாலம். வாரம் 10 படித்தால் 180 வாரம், கிட்டத்தட்ட மூன்றரை வருடம். 2 வருடத்தில் முடிக்க வாரம் 17 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். விளம்பரம் எழுதியவருக்கும் பாடத்திட்டம் எழுதியவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலும். நான் முடிக்க 3 வருடம் ஆனது. அதுவும் பிள்ளைகளின் தூக்கத்தில் பாதி, குருமண்வெளி–மண்டூர் பாதையில் பாதி.

பாதை என்று நாங்கள் சொல்வது மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற இயந்திரப் படகை. ஸ்கூட்டியை ஏற்றிவிட்டு ஓரமாக நின்றால் அக்கரை சேர்வதற்குள் இரண்டு பக்கம் வாசிக்கலாம். பட்டிருப்புப் பாலத்தாலும் சுற்றிப் போகலாம்தான். ஆனால் 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெட்ரோல் வாங்கிய காலத்தில் பாலத்தை நினைக்கவே இல்லை. போனில் பிடிஎப் வாசித்தால் வெயிலில் ஒன்றும் தெரியாது. அச்செடுத்துத்தான் கொண்டுபோனேன். என் நோட்ஸ் எல்லாவற்றிலும் வாவித் தண்ணீரின் உப்புக்கறை இருக்கிறது.

அடுத்தது காசு. தவணைக்கு 800 பவுண். முதல் தவணை கட்டியபோது ஒரு பவுண் 275 ரூபாய் அளவில், அதாவது 2,20,000. அடுத்த தவணை 2022 மே மாதம். அதற்கு முன் மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். மிதந்ததா தாண்டதா என்று எல்லோருக்கும் தெரியும். பவுண் 450. அதே 800 பவுணுக்கு 3,60,000. இரண்டு காப்பு அடகுக்குப் போனது. மீட்டது போன வருடம்தான். வெளிநாட்டுக் காசில் கட்டணம் கட்டுகிற படிப்பில் சேருகிறவர்கள், தொகையை ஒன்றரை மடங்காக்கிப் பார்த்து, அதையும் தாங்கலாம் என்றால் மட்டும் கையெழுத்து வையுங்கள். மாமி அப்போதே சொன்னார், "பவுண் படிப்பும் பவுண் நகையும் ஒண்டுதான் மகள், விலை ஏறினா இறங்காது" என்று.

இனி என் வயிற்றெரிச்சல். 2022 மார்ச் 31, வியாழன். பிரித்தானிய நேரம் பகல் 12 மணிக்கு முன் ஒரு கட்டுரை ஏற்ற வேண்டும். நமக்கு மாலை 5.30. அந்த வாரம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் போய்விடும். 4.45க்குக் கரண்ட் வந்தது. ரவுட்டர் பச்சை விளக்குக்கு வரும்வரை அதன் முன்னால் சாமி கும்பிடுகிற மாதிரி நின்றேன். 5.10க்கு ஏற்றி முடித்து, பிள்ளைகளுக்குப் பிட்டு அவிக்கக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தால் "40 நிமிடம் தாமதம், 5 புள்ளி குறைப்பு" என்று மின்னஞ்சல். விஷயம் என்னவென்றால், அதற்கு முந்திய ஞாயிறு, 27ஆம் திகதி, அங்கே கோடைகால நேரத்துக்கு மாறிவிட்டார்கள். அவர்களுடைய 12 மணி நமக்கு 5.30 இல்லை, 4.30. நமது நாட்டுக் கடிகாரம் வருடம் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதால் இப்படியொரு சங்கதி இருப்பதே என் புத்தியில் ஏறியிருக்கவில்லை.

மேன்முறையீடு செய்தேன். ஆதாரம் கேட்டார்கள். மின்வெட்டு அட்டவணையை அனுப்பினேன். 11 நாள் கழித்துப் பதில் வந்தது: முன்கூட்டியே அட்டவணை போட்டு அறிவித்த மின்வெட்டு "எதிர்பாராத இடையூறு" ஆகாதாம். கோபம் வந்தது, அந்தத் தர்க்கத்தை நினைத்துச் சிரிப்பும் வந்தது. அட்டவணை போடாமல் வெட்டியிருந்தால் 5 புள்ளி தப்பியிருக்கும்.

படிப்பு எப்படி? நேராகச் சொன்னால், பாடக் குறிப்புகளில் பெரும்பகுதி இணையத்தில் சும்மா கிடைப்பவை. நிறுவனங்களின் சுற்றாடல் முகாமைத்துவத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14001 பற்றி ஒரு முழு மொடியூல், திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்று சுற்றிச் சுற்றி வந்தது. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு உதவலாம். எனக்குத் தூக்கம் வர உதவியது. உதாரணங்கள் எல்லாம் அங்கத்தைய காற்றாலையும் நெடுஞ்சாலையும். நம் நாட்டுச் சட்டத்தை நானே தேடித்தான் படித்தேன்: 1980ஆம் ஆண்டு 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம், ஒரு திட்டம் சுற்றாடலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே பார்க்கிற தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய 1988 திருத்தம், எந்தெந்தத் திட்டங்களுக்கு அது வேண்டும் என்று பட்டியல் போட்ட 1993 வர்த்தமானி. இது மூன்றும் தெரியாமல் இங்கே வெறும் முதுமாணியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் அவ்வளவு காசும் எதற்குப் போனது? என்னைக் கேட்டால், என் கட்டுரைகளைத் திருத்திய ஒரு விரிவுரையாளரின் ஓரக் குறிப்புகளுக்கு. முகம் பார்த்ததே ஒன்லைன் வகுப்பில் இரண்டு தரம்தான்.

தாக்க மதிப்பீட்டு மொடியூலில் லியோபோல்ட் அட்டவணை வரும். 1971இல் அமெரிக்கப் புவிச்சரிதவியல் ஆய்வகம் வெளியிட்ட முறை. ஒரு பக்கம் 100 செயல்கள், மறுபக்கம் 88 சுற்றாடல் அம்சங்கள், மொத்தம் 8800 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் குறுக்குக் கோட்டால் பிரித்து மேலே தாக்கத்தின் அளவு, கீழே அதன் முக்கியத்துவம், இரண்டுக்கும் 1 முதல் 10 வரை எண் போட வேண்டும். நான் எடுத்த திட்டம், வாவி கடலோடு சேர்கிற பாலமீன்மடு முகத்துவாரத்தை வெட்டுவது. மாரியில் வாவி நிரம்பினால் அதன் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களில் வெள்ளம் நின்றுவிடும். அப்போது மணல் திடலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். நான் வேண்டிய கட்டங்களை மட்டும் எடுத்து, கலர் அடித்து, அழகாக நிரப்பினேன். வயல் பாதிப்புக்கு முக்கியத்துவம் 9. வாவி மீன்பிடிக்கு 4.

திருத்தி வந்த தாளில் அந்த 4ஐச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் ஒரேயொரு கேள்வி: "இந்த 4ஐ யாரிடம் கேட்டுப் போட்டீர்கள்?"

யாரிடமும் கேட்கவில்லை. 9ஐயும் கேட்கவில்லைதான். ஆனால் அந்த 9 எனக்குத் தானாக வந்த காரணத்தை அன்றிரவு யோசித்தேன். வெள்ளம் வந்தால் வயல்காரர் அலுவலகத்துக்கு வருவார்கள், விண்ணப்பம் எழுதுவார்கள், நட்டஈட்டுப் படிவம் நிரப்புவார்கள். என் மேசையில் அவர்களுக்கென்று ஒரு தடித்த கோப்பு இருக்கிறது. தோணிக்காரருக்குக் கோப்பு இல்லை. கோப்பின் தடிப்பைப் பார்த்துத்தான் நான் எண் போட்டிருக்கிறேன்.

மறுநாள் பாதையடியில் வலை காயப்போட்டுக் கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். வெட்ட வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வலையிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார்: "வெட்ட வேணாம் எண்டு ஆரு சொன்ன? வெட்டுற நேரம்தான் பிழை புள்ள. இறால் இன்னும் விரல் மொத்தத்துக்கு வரல்ல, அதுக்குள்ள வெட்டினா எல்லாத்தையும் கடலுக்கு அள்ளிக்கொண்டு போயிரும். பத்து நாள் பொறுத்தா உங்கட வயலுக்கும் சரி, எங்கட வலைக்கும் சரி." பத்து நாள் வெள்ளம் நின்றால் நெல் அழுகிவிடும் என்று வயல்காரர் சொல்வார்கள். அதுவும் உண்மை. என் அட்டவணையில் "முகத்துவாரம் வெட்டுதல்" என்று இருந்த ஒரே வரிசை இரண்டாகப் பிரிந்தது, முந்தி வெட்டினால், பிந்தி வெட்டினால் என்று. அந்த 4 என்ன ஆனது என்று கேட்காதீர்கள். ஒன்றில் 8, ஒன்றில் 3. கடைசியில் என் ஆய்வறிக்கையின் தலைப்பும் அதுவே ஆகிவிட்டது.

சுற்றாடல் பொருளியலிலும் இப்படி ஒன்று. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டிய பிறகு, விலை இல்லாத பொருளுக்கு எப்படி விலை போடுவது என்று பெரிய வாதம் நடந்தது. 1993இல் பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ரொபர்ட் சோலோ இருவரும் தலைமை தாங்கிய குழு அதற்குச் சில விதிகள் சொன்னது. நான் அந்தப் பகுதியை வாசிக்காமலே ஒரு கமக்காரரிடம் போய், "யானை வராமல் இருக்க மாதம் எவ்வளவு குடுப்பீங்க ஐயா?" என்று கேட்டேன். "ஆருக்குக் குடுக்கிற, யானைக்கா?" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஓரக் குறிப்பில் விரிவுரையாளர் எழுதியிருந்தார்: எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரு தொகையைச் சொல்லி, ஓமா இல்லையா என்று கேளுங்கள். ஆரோ குழு சொன்னதும் அதுதான். திரும்பப் போய், "மின்வேலி பராமரிப்புக்கு மாதம் 300 ரூபாய் கேட்டால் ஓமா?" என்றேன். உடனே பதில் வந்தது, "வேலியில கரண்ட் ஓடினா ஓம்." ஒரே வரியில் விலையும் கிடைத்தது, நிபந்தனையும் கிடைத்தது.

ஒன்லைன் வகுப்புகளில் எனக்குப் பிடித்தது கரையோரம் பற்றிய ஒன்று. அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகத்தைச் சொன்னேன். 2013இல் திறந்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோடு நகர்கிற மணலை அலைதடுப்பு அணை மறித்தது. துறைமுக வாயை மணல் மூடியது, வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்றது. அதற்கு முந்திய ஞாயிறு என் கணவரோடு போய் எடுத்த, வேரோடு சாய்ந்த தென்னைகளின் படங்களைக் காட்டினேன். கானாவிலிருந்து படித்த ஒரு பெண் தன் ஊரிலும் கடல் இப்படித்தான் வருகிறது என்றாள். அன்று வகுப்பு முடிய இரவு 12.30. தூக்கம் வரவில்லை.

அரச ஊழியர்களுக்கு ஒரு விஷயம். பதவி உயர்வுக்காகச் செய்வதென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று சேர முதலே பாருங்கள், சேர்ந்த பிறகு அல்ல. என்னோடு தொடங்கிய ஒருவர் முதல் வருடம் முடிந்த பிறகுதான் பார்த்தார். அந்தக் கதை அவருடையது, நான் சொல்லக் கூடாது. ஆங்கிலம் ஓடாது என்று பயப்பட வேண்டாம். ஒரு சி.ஆர். கொப்பியில் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்தேன். ஸ்டேக்ஹோல்டருக்கு எல்லோரும் "பங்குதாரர்" என்று எழுதுகிறார்கள். அந்தப் பெரியவருக்கு வாவியில் எந்தக் கம்பனிப் பங்கும் இல்லை. "சம்பந்தப்பட்டவர்" என்றே எழுதினேன்.

5க்கு எத்தனை என்று கேட்டால், விளம்பரத்துக்கு 1, குறிப்புகளுக்கு 2, நிர்வாகத்துக்கு ஒன்றும் இல்லை, திருத்தியவருக்கு 5. ஆனால் அவரைத் தெரிவு செய்ய நமக்கு வழியில்லை. யார் வாய்க்கிறார் என்பது அதிர்ஷ்டம். அதனால் சேரும் முன் மின்னஞ்சல் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். கட்டுரையை யார் திருத்துவார்? எத்தனை நாளில் குறிப்போடு திரும்பி வரும்? சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். கையில் சொந்தமாக ஒரு வயலோ வாவியோ குப்பைமேடோ இல்லாமல், வெறும் கடதாசிக்காகச் செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிரித்தானியாவில்தான் செய்வேன் என்று நிற்பவர்கள், மார்ச் கடைசி ஞாயிறையும் ஒக்டோபர் கடைசி ஞாயிறையும் இப்போதே கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.