டிகின்டரில் பட்டனுக்கு நிறம்: பழைய பட்டனா, டிடிகே பட்டனா?

பைத்தானில் விண்டோ, பட்டன் எல்லாம் செய்ய உதவும் டிகின்டர் நூலகத்தை வைத்துச் சின்னதாக ஒரு பில்லிங் விண்டோ செய்தாலும், "சேமி" பச்சையாகவும் "நீக்கு" சிவப்பாகவும் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே கருவித்தொகுப்பின் பழைய பட்டன். இன்னொன்று, 2007-இல் டிகே 8.5-உடன் வந்த டிடிகே பட்டன்; டிடிகே பாகங்களின் தோற்றத்தைத் தீம் என்ற தோற்றத் தொகுப்பு முடிவு செய்யும்.

பழையதில் வேலை சுலபம். பட்டனை உருவாக்கும் வரியிலேயே பின்னணிக்கு பிஜி, எழுத்துக்கு எஃப்ஜி என்று நிறம் கொடுத்தால் முடிந்தது. ஆனால் அழுத்தும்போது பட்டன் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். லினக்ஸில் மவுஸ் மேலே வந்தாலே போதும். அதனால் ஆக்டிவ்பேக்கிரவுண்ட், ஆக்டிவ்ஃபோர்கிரவுண்ட் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். பெரிய சிக்கல் மேக்கில்தான். அங்கே பட்டனை வரைவது இயங்குதளமே. நீங்கள் கொடுத்த பிஜியை அது கண்டுகொள்ளாது; எரரும் வராது என்பதால் காரணம் தேடியே நேரம் போகும்.

டிடிகே இந்த விஷயத்தில் கறார். பிஜி என்று எழுதினால் அப்படி ஒரு ஆப்ஷன் இல்லை என்று உடனே எரர் தரும். நிறத்தை ஸ்டைலில், அதாவது பெயர் வைத்த ஒரு தோற்ற விதியில்தான் சொல்ல வேண்டும். "நீக்கு.டிபட்டன்" என்பதுபோல ஒரு பெயர் வைத்து (புள்ளிக்குப் பின் வரும் பகுதியை மாற்றக் கூடாது), அதற்குப் பின்னணியும் எழுத்து நிறமும் கொடுக்கிறோம். சரி, விண்டோஸில் ஓட்டிப் பார்த்தால் பட்டனின் ஓரம் மட்டும் சிவக்கும். அங்கே இயல்பாக வரும் விஸ்டா தீம் பட்டனின் உடலை விண்டோஸிடமே வரையச் சொல்கிறது. டிடிகேயுடனே வரும், பட்டனைத் தானே வரையும் க்ளாம் தீமுக்கு மாற்றினால் முழுப் பட்டனும் சிவப்பாகிவிடும்.

அப்புறம்தான் கவனிக்க வேண்டிய இடம். மவுஸை மேலே வைத்ததும் க்ளாம் தன் வெளிர் சாம்பலைப் பூசிவிடும். அதன்மேல் வெள்ளை எழுத்து இருந்தால் படிக்கவே முடியாது. ஸ்டைலின் மேப்பில் (எந்த நிலையில் எந்த நிறம் என்ற பட்டியல்) ஒவ்வொரு நிலைக்கும் தனி நிறம் சொல்லுங்கள். வரிசையும் முக்கியம்: முதலில் பொருந்துவதையே டிடிகே எடுத்துக்கொள்ளும். அழுத்தும்போது மவுஸும் பட்டன் மேல்தானே இருக்கிறது? ஆக்டிவை (மவுஸ் மேலே இருக்கும் நிலை) முன்னால் எழுதினால் பிரஸ்டு (அழுத்திய நிலை) நிறம் தெரியவே தெரியாது. டிசேபிள்டு (முடக்கிய நிலை), பிரஸ்டு, ஆக்டிவ் என்றே எழுதுங்கள்.

மேக்கில், வெறும் எழுத்தைக் காட்டும் லேபிளுக்கு நிறம் கொடுத்து, கிளிக்கை இணைத்து, பட்டனாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. டேப் விசையால் அங்கே போக முடியாது. ஸ்பேஸ் தட்டினால் ஒன்றும் நடக்காது. கீபோர்டை நம்பி வேலை செய்பவர்களுக்கு அது பட்டனே இல்லை.

விண்டோஸிலோ லினக்ஸிலோ உங்களுக்காக மட்டும் எழுதும் நாலு பட்டன் கருவிக்குப் பழையதே போதும். பிறர் கையில் கொடுப்பதென்றால், அதிலும் மேக் இருந்தால், க்ளாமும் டிடிகேயும்தான் என் தேர்வு. கீழிறங்கும் பட்டியலான காம்போபாக்ஸ் உட்பட எல்லா டிடிகே பாகங்களின் தோற்றமும் மாறும் என்பது அதற்கான விலை. பதிலுக்கு, "நீக்கு" பட்டன் எத்தனை விண்டோக்களில் இருந்தாலும் அதன் சிவப்பை ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.