ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சின்கி: விமானமா, இரவுக் கப்பலா?

விமானம் பறக்கும் நேரம் என்னவோ ஒரு மணிதான். ஆனால் ஆர்லாண்டா விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கிறது. பெட்டி, சோதனை, காத்திருப்பு, இறங்கியபின் அரை மணி நேர ரயில் எல்லாம் சேர்ந்து அரை நாளை விழுங்கிவிடும்.

கப்பல் மாலையில் கிளம்பி மறுநாள் காலை பத்து மணிவாக்கில் சேர்கிறது. படுக்கை அறையும் கட்டணத்திலேயே வருவதால் ஓர் இரவு ஹோட்டல் செலவு மிச்சம். ஏறியதும் அறைக்குள் அடைந்துவிடாதீர்கள். முதல் சில மணி நேரம் ஆயிரக்கணக்கான தீவுகளுக்கு நடுவே ஊர்ந்து போகும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். காலையில் சுவோமென்லின்னா கோட்டையை ஒட்டி, ஒரு குறுகிய நீர்வழியாகத் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். நடுராத்திரியில் ஓலந்து தீவில் நிற்பது ஏன் தெரியுமா? அந்தத் தீவு ஐரோப்பிய ஒன்றியத்தின் வாட் வரி எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதனால்தான் கப்பல் கடையில் வரியில்லா விற்பனை!

வார இறுதியில் கொண்டாட்டக் கூட்டம் சத்தம் போடும், கைக்குழந்தை இருந்தால் சிரமம். குளிர்காலத்தில் வெளியே ஒரே இருட்டு. அப்போது நான் விமானத்தையே பிடிப்பேன். அப்புறம், பின்லாந்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளவேண்டும்.