பூனை மூத்திரம் போன இடத்துக்கு ப்ளீச்சா, என்சைம் கிளீனரா?

பூனை லிட்டர் பாக்ஸை விட்டுட்டு சோஃபா ஓரத்துல மூத்திரம் போனா நிறைய பேர் முதல்ல தேடுறது ப்ளீச் தான். தரை பளிச்சுனு ஆகும், நம்ம மூக்குக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா மூத்திரத்துல இருக்கிற யூரிக் ஆசிட் தண்ணியில சரியா கரையாது, அப்படியே ஒட்டிக்கிட்டு கிடக்கும், ஈரக்காத்து பட்டா மறுபடி நாறும், பூனையும் திரும்ப அங்கயே போய் நிக்கும். இதுல மூத்திரத்தோட ப்ளீச் சேர்ந்தா குளோரமைன் வாயு வேற வரும், நமக்கும் ஆகாது அதுக்கும் ஆகாது.

என்சைம் கிளீனர் அந்த யூரிக் ஆசிடையே உடைச்சிடும். என்ன, பொறுமை வேணும், அடிச்ச உடனே துடைச்சா வேஸ்ட், நல்லா ஊறி தானா காயணும். ஏற்கனவே ப்ளீச் போட்டிருந்தா முதல்ல தண்ணியால நல்லா அலசிடுங்க, இல்லன்னா என்சைம் வேலை செய்யாது. மெத்தை, கார்பெட்டுக்கெல்லாம் யோசிக்கவே வேணாம், இதான்.

ஆனா பாக்ஸ் அழுக்கா இருந்தா எந்த கிளீனரும் உதவாது, வேற மூலை தேடிக்கும் (பூனையாச்சே!). ஆண் பூனை முக்கி முக்கியும் மூத்திரம் வரலன்னா கிளீனரை தூக்கிப் போட்டுட்டு உடனே வெட் கிட்ட ஓடுங்க, அடைப்புன்னா உயிருக்கே ஆபத்து.