அட்வெர்ப் கோர்ஸ் முடிச்சாச்சு, மூணு ஸ்டார்தான்

ஒரு இங்கிலீஷ் கிராமர் ஆப்ல அட்வெர்புக்குன்னே, அதாவது ஒரு வேலை எப்படி, எப்போ நடந்துச்சுன்னு சொல்ற வார்த்தைகளுக்குன்னே, தனியா இருக்கிற கோர்ஸ், ஆறு வாரம் உக்காந்து முடிச்சுட்டேன், குறையும் சொல்லப்போறதால பேரு வேணாம். இதுல இறங்கினதே ஒரு மெயிலாலதான். ராத்திரி பகலா செஞ்ச வேலைய பத்தி மேனேஜருக்கு "ஐ ஹார்ட்லி ஒர்க்ட் ஆன் திஸ்"னு பெருமையா எழுதி அனுப்பிட்டேன், அதுக்கு அர்த்தம் நான் இதுல கையே வைக்கலங்கிற மாதிரி! கஷ்டப்பட்டுன்னு சொல்ல 'ஹார்ட்'தான் அட்வெர்பும், 'ஹார்ட்லி'ன்னா கிட்டத்தட்ட இல்லவே இல்லங்கிற வேற ஆளு. 'லேட்', 'லேட்லி'யும் அப்படித்தான், ஒண்ணு தாமதமா, இன்னொண்ணு சமீபகாலமா.

முதல் ரெண்டு பாடம் வார்த்தை கடைசில எல்.ஒய். (ly) ஒட்டி அட்வெர்ப் ஆக்குற வழக்கமான சமாச்சாரம், வேகமா தள்ளிட்டு போயிடலாம். 'ஃபாஸ்ட்'டுக்கு எல்.ஒய். கிடையாது, 'ஃப்ரெண்ட்லி' எல்.ஒய்.ல முடிஞ்சாலும் அட்ஜெக்டிவ், அதாவது ஆளையோ பொருளையோ வர்ணிக்கிற வார்த்தை, அவ்ளோதான்.

சூப்பர்னா 'ஒன்லி' பயிற்சிதான். "ஐ டோல்ட் ஹிம் த ட்ரூத்"னு ஒரு வாக்கியம், 'ஒன்லி'ய விரலால இழுத்து இடம் மாத்தணும். 'ஐ'க்கு முன்னாடி வச்சா நான் மட்டும்தான் சொன்னேன், 'ஹிம்'முக்கு முன்னாடி வச்சா அவன்கிட்ட மட்டும், 'த ட்ரூத்'துக்கு முன்னாடி வச்சா உண்மைய மட்டும். நம்ம 'மட்டும்' வார்த்தைக்கு பின்னாடி ஒட்டும், இது முன்னாடி நிக்குது, அதான் இத்தனை வருஷமா குழம்பியிருக்கேன் போல. "ஷி ஆல்வேஸ் கம்ஸ் லேட்", ஆனா "ஷி இஸ் ஆல்வேஸ் லேட்", இந்த இட மாத்தமும் நல்லா பதிஞ்சுது.

கடுப்பானது எங்கன்னா, தமிழ் விளக்கத்துல 'ஆ'ன்னு முடிஞ்சா அட்வெர்ப்னு ஒரே போடா போட்டுட்டாங்க. வேகமா ஓடினான், மெதுவா பேசினா, இதுக்கெல்லாம் சரி. அத நம்பி "சந்தோஷமா இருக்கேன்"க்கு "ஐ ஆம் ஹேப்பிலி"ன்னு அடிச்சேன், செவப்பு கலர்ல தப்புன்னு வந்துச்சு, ஏன்னு ஒரு வார்த்தை கிடையாது. நாம 'இரு'வோட 'ஆ' போடுவோம், இங்கிலீஷ்ல 'ஆம், இஸ், ஆர்' பின்னாடி ஆள் எப்படி இருக்கான்னு சொல்ல அட்ஜெக்டிவ்தான் போடுவாங்க, இத நானா கண்டுபிடிக்க வேண்டியதாயிடுச்சு. சூப் நல்லா இருக்குன்னாலும் "டேஸ்ட்ஸ் குட்"தான், 'வெல்' இல்ல. இன்னும் பாருங்க, "ஹி லுக்ட் ஆங்கிரி"ன்னா கோவமா தெரிஞ்சான், "ஹி லுக்ட் ஆங்கிரிலி அட் மீ"ன்னா என்னைய கோவமா பாத்தான், ரெண்டுக்கும் நமக்கு ஒரே 'கோவமா'தான். தமிழ் ஆளுங்க சறுக்குற இடமே இதுதான், இதுக்கு ஒரு பாடம் கூட வைக்கல.

திருத்துற மெஷினும் கொஞ்சம் மக்கு. "ஷி க்வயட்லி க்ளோஸ்ட் த டோர்"னு எழுதினா தப்பாம், 'க்வயட்லி' கடைசிலதான் வரணுமாம். ரெண்டுமே சரிதான்பா! ஃபீட்பேக்ல போட்டு விட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல.

அடிப்படை ஓரளவு தெரிஞ்சவங்க நேரா 'ஒன்லி' பாடத்துக்கு போயிடுங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க அந்த 'ஆ' ரூல மட்டும் நம்பாதீங்க.